மாத்திரை கொடுத்தும் பூச்சி திரும்ப வருகிறதே?

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது. ராத்திரியில் ஆசனவாயைச் சொறிந்துகொண்டு தூங்காமல் அழுகிறான். இரண்டு மாதத்துக்கு முன் பூச்சி மாத்திரை கொடுத்தோம். மூன்று வாரம் நன்றாக இருந்தான், மறுபடி ஆரம்பித்துவிட்டது. மலப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். வீட்டில் ஏழு பேர்; அவனும் அக்காக்கள் இருவரும் ஒரே படுக்கை. "இனிப்பு கொடுத்து நீதான் கெடுத்தாய்" என்கிறார் மாமியார். தப்பு என்னுடையதா டாக்டர்?

பதில்: இல்லையம்மா. இனிப்பிலிருந்து பூச்சி உண்டாவதில்லை. அதன் முட்டை வாய் வழியாக உள்ளே போனால்தான் உண்டு.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கீரிப்பூச்சி என்றுதான் தோன்றுகிறது. பெண் புழு ராத்திரியில் குடலிலிருந்து இறங்கி வந்து ஆசனவாயைச் சுற்றி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதனால்தான் மலத்தில் அகப்படுவதில்லை. பையன் தூங்கி இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளை நூல் துண்டு போல, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளத்தில், நெளியும். இல்லாவிட்டால் காலையில் கால் கழுவிவிடும் முன் செலோடேப்பை அங்கே ஒட்டி எடுத்துக் கண்ணாடித் துண்டில் பதித்து லேபில் கொடுங்கள். முட்டை தெரிந்துவிடும்.

சொறிந்த விரலின் நக இடுக்கில் முட்டை ஏறும். சில மணி நேரத்திலேயே அது தொற்றும் நிலைக்கு வந்துவிடும். அந்த விரல் வாய்க்கும் போகும், அக்காவின் தலையணைக்கும் போகும். துணியில் இரண்டு வாரம்கூட உயிரோடிருக்கும். அவனுக்கு மட்டும் மாத்திரை கொடுத்தால் பக்கத்தில் படுப்பவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்வான். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் குழந்தைக்கு மட்டும் எழுதிக்கொடுத்து, அதே தாயை அதே கவலையோடு திரும்பத் திரும்ப வரவைத்திருக்கிறேன். அது என் தவறு.

ஏழு பேரும், மாமியார் உட்பட, ஒரே நாளில் மாத்திரை போடுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை, ஏனென்றால் மருந்து புழுவைக் கொல்லும், முட்டையை நம்பும்படிக் கொல்லாது. இரண்டு வயதுக்குட்பட்டவரோ கர்ப்பிணியோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். அன்று காலையில் குளிப்பாட்டி, நகம் வெட்டி, விரிப்பை உதறாமல் சுருட்டி எடுத்து வெந்நீரில் துவையுங்கள். உதறினால் முட்டை பறக்கும்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன், அதுதான் எனக்கு வலித்தது. சிறு குழந்தைகளின் குடல் தொற்றைப் பற்றிய ஆய்வுகளில் குழந்தையின் வயது, வீட்டில் எத்தனை பேர், கழிப்பறை, தண்ணீர் என்று தொற்றோடு தொடர்புள்ளவற்றின் ஒரு வரிசை வரும். அதில் தாயின் படிப்பும் இருக்கும். அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு தாயைக் குற்றம் சொல்வதை நான் ஏற்பதில்லை. எவ்வளவு படித்திருந்தாலும் குழாயில் தண்ணீர் வராத வீட்டில் எப்படிக் கை கழுவுவாள்? வேறு வகைக் குடற்புழுக்களான உருளைப்புழுவும் கொக்கிப்புழுவும் மலம் கலந்த மண்ணிலிருந்து வருபவை; உலகில் சுமார் 150 கோடிப் பேருக்கு மண்வழிப் புழுத் தொற்று இருக்கிறது. அத்தனை பேரின் தாய்மாருமா கவனக்குறைவானவர்கள்? கீரிப்பூச்சியோ வசதியான வீட்டுக் குழந்தைகளுக்கும் சர்வசாதாரணமாக வரும்.

பையனுக்கு நாற்றத்தோடு நீர்த்த பேதி வாரக்கணக்கில் நீடித்தாலோ எடை ஏறாவிட்டாலோ அது ஜியார்டியா என்ற, கண்ணுக்குத் தெரியாத குடல் ஒட்டுண்ணியாக இருக்கலாம். பூச்சி மாத்திரை ஒன்றால் அது போகாது, நேரில் காட்டுங்கள்.