பதில்: தைவான் விடுதியில் ரைஸ் குக்கரில் சோறு வேகவில்லை

ஊரிலிருந்து கொண்டுபோன 700 வாட் குக்கரில் ஒரு மணி நேரமாகியும் அரிசி வேகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். குக்கரில் பழுதில்லை. தைவானில் மின்சாரம் 110 வோல்ட். நம் 230-இல் பாதிகூட இல்லை. வோல்ட் பாதியானால் சூடு கால்பங்காகிவிடும். அதனால் உங்கள் குக்கரில் சூடு கால்பங்குக்கும் குறைவு, ஏறக்குறைய 160 வாட். அடாப்டர், பிளக்கின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ட்டை மாற்றாது. மடிக்கணினி சார்ஜரில் 100–240 என்று போட்டிருந்தால் கவலையில்லை.

விடுதியில் சமைக்க அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள். உண்டென்றால் அங்கேயே ஒரு தாதுங் குக்கர் (வெளிச்சட்டித் தண்ணீரின் ஆவியில் வேகவைக்கும் தைவான் மின்குக்கர்) வாங்கிவிடுங்கள், பழையதே போதும். உள்பாத்திரத்தில் அரிசியும் தண்ணீரும். வெளிச்சட்டியில் ஒரு அளவுக்குவளை தண்ணீர். அது வற்றியதும் சுவிட்ச் தானாக மேலே எழும்பும். உடனே திறந்தால் நடுவில் அரிசியாக நிற்கும். 15 நிமிடம் மூடியே இருக்கட்டும். அங்குள்ள குட்டையரிசிக்குச் சம அளவு தண்ணீர் போதும், பொன்னிக்கு ஊற்றுவதுபோல் ஊற்றினால் குழைந்துவிடும். துவரம்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து, வெளிச்சட்டியில் இரண்டு குவளை தண்ணீர் ஊற்றுங்கள்.

படிப்பு முடிந்து அந்தத் தாதுங் குக்கரை ஊருக்குக் கொண்டுவந்தால் நேரடியாகச் செருகாதீர்கள், எரிந்துவிடும்.