தனித் தட்டு, தனி டம்ளர்

கேள்வி: என் தாத்தாவின் தம்பிக்கு 1940 வாக்கில் சயரோகம், அதாவது காசநோய் (டி.பி.). கொல்லைப்புற அறையில், தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்கி வைத்திருந்தார்களாம். அந்தக் காலத்து மனிதர்கள் அவ்வளவு கல்நெஞ்சக்காரர்களா? (ஒரு வாசகி, மன்னார்குடி)

பதில்: அந்த அறைக்கு வேளாவேளைக்குச் சோறு கொண்டுபோனது யார், துப்பிய சளியை அள்ளிக் கொட்டியது யார் என்று விசாரித்தீர்களா? அநேகமாக ஓர் அம்மா, இல்லையென்றால் இளவயது மனைவி. கணித மேதை ராமானுஜன் காசநோய் என்ற பேரோடுதான் சென்னை சேத்துப்பட்டில் 1920 ஏப்ரலில் இறந்தார். (அது டி.பி.யே இல்லை, ஈரலில் அமீபா என்று பிற்பாடு சில மருத்துவர்கள் சொன்னது வேறு கதை.) கடைசிவரை மோரும் சோறும் கொடுத்து, வலித்த இடத்தில் ஒத்தடம் போட்டவர் இருபத்தோரு வயது மனைவி ஜானகி. கல்நெஞ்சு என்று யாரைச் சொல்வது?

காசநோய்க் கிருமியை 1882-லேயே ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் கண்டுபிடித்துவிட்டார். அதைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து வந்தது 1943-ல். நடுவில் அறுபது வருடம், எதனால் வருகிறது என்று தெரியும், எப்படிப் போக்குவது என்றுதான் தெரியாது. கையில் காசு இருந்தவர்கள் சானடோரியத்துக்கு, அதாவது காசநோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்: ஆந்திராவின் மதனப்பள்ளிக்கோ, 1928-ல் டாக்டர் சவுரி முத்து தொடங்கிய தாம்பரத்துக்கோ. அங்கேயும் பெரும்பாலும் நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, அவ்வளவுதான். மற்ற வீடுகளில் கொல்லை அறை. ஒன்று சொல்ல வேண்டும், டம்ளரால் டி.பி. ஒட்டாது, இருமலில் காற்றோடுதான் பரவும். பாத்திரத்தைப் பிரித்தது வீண். காற்றோட்டமான அறையாக இருந்திருந்தால் அதில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு.

இனிதான் உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1956-ல் சென்னையில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கினார்கள். அது இருப்பதும் அதே சேத்துப்பட்டில்தான். 193 நோயாளிகள், எல்லாரும் நெரிசலான ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள். எல்லாருக்கும் ஒரு வருடம் ஒரே மருந்து, பாதிப்பேருக்கு சானடோரியத்தில், மீதிப்பேருக்கு வீட்டிலேயே. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் குறைவு, ஓய்வும் குறைவு. ஆனாலும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானது, 1959-ல் முடிவு வெளியாயிற்று. அப்புறம் வீட்டாரை ஐந்து வருடம் கவனித்ததில், நோயாளியை வீட்டிலேயே வைத்திருந்ததால் கூடுதலாக யாருக்கும் தொற்றவில்லை. உலகமே சானடோரியங்களை மூட ஆரம்பித்ததற்கு நம் ஊர்க் குடிசைகள் ஒரு பெரிய காரணம்.

சரி, உங்கள் வீட்டில் அந்த டம்ளர் எந்த வருடம்வரை தனியாக இருந்தது? 1940 என்றால் பாவம், பயந்தவர்கள். 1980-லும் யாருக்காவது தனியாக வைத்திருந்தார்கள் என்றால் அப்போது கேளுங்கள் கல்நெஞ்சைப் பற்றி. அதைக் கழுவி வைத்தவர் இன்னும் வீட்டில் இருக்கக்கூடும், நேரிலேயே கேட்கலாம்.