தனுஷ்கோடி வேண்டாம், மண்டபம் ஊரைப் பாருங்கள்

அக்டோபரிலிருந்து 3 மாதம் தனுஷ்கோடிப் பக்கம் தங்கி, இரவு 7 மணிக்கு மேல் அமெரிக்க கிளையண்டோடு வீடியோ காலில் பேச முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தனுஷ்கோடி வேண்டவே வேண்டாம். 1964 புயலுக்குப் பிறகு அது பழைய ஊராக எழவே இல்லை. பொழுது சாய்ந்தால் வெளியாட்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சுற்றிப் பார்க்கப் போனால் ரோமிங்கை அணைத்துவிடுங்கள், போன் சில நேரம் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும்.

ராமேஸ்வரத்தில் அமாவாசைக் கூட்டத்தில் அறை கிடைப்பதே பாடு. நான் இருக்கும் மண்டபம் ஊரிலோ, பக்கத்து ஊரான உச்சிப்புளியிலோ மாத வாடகைக்கு வீடு பாருங்கள். முன்பணம் கொடுக்குமுன் அந்த அறையிலிருந்தே, நீங்கள் பேசும் அதே நேரத்தில் ஒரு கால் போட்டுப் பாருங்கள். கரண்ட் போனாலும் மோடம் ஓட ஒரு மினி யுபிஎஸ், வேறு நிறுவன சிம் ஒன்று, இரண்டும் அவசியம்.

உப்புக்காற்றைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள். ஆசையாகக் கடல் பார்த்த ஜன்னலோரம் மேசை போட்டேன்; ஏழே மாதத்தில் சார்ஜர் முனை பச்சை பூத்துவிட்டது. இப்போது சுவரைப் பார்த்துத்தான் வேலை! லேப்டாப்பை இரவில் பையில் மூடி வையுங்கள்.

அப்புறம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே மழையும் புயலும். ஜனவரிக்குத் தள்ள முடியுமா பாருங்கள்.