நியூயார்க் திருத்தமும் உங்கள் தங்கை வேலையும்

கர்ப்பம் என்று சொன்னதும் உங்கள் தங்கையைக் கடையில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள், 2024-இல் நிறைவேறிய நியூயார்க் மாநில அரசியலமைப்புத் திருத்தத்தை வைத்து வழக்குப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். போடலாம்தான், ஆனால் அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

அந்தத் திருத்தம் மாற்றியது, பாகுபாட்டைத் தடுக்கும் பிரிவை. 1938-இல் எழுதியபோது அதில் இனம், நிறம், மதம் இவ்வளவுதான் இருந்தது. இப்போது கர்ப்பம், பாலினம், வயது, மாற்றுத்திறன் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. சட்டமன்றம் இரண்டு முறை ஏற்று, அப்புறம் மக்களும் வாக்களித்த திருத்தம் என்பதால் நாளைக்கு வரும் ஆளுநர் தனியாக அதை நீக்க முடியாது. அரசு செய்யும் பாகுபாட்டுக்கு அது நல்ல கேடயம். தனியார் முதலாளி என்றால் கதை வேறு: அந்தப் பிரிவு தானாகவே அவர்மேல் பாயாது, அதற்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 1949-லேயே சொல்லிவிட்டது.

அந்தச் சட்டம்தான் மாநில மனித உரிமைச் சட்டம். ஒரே ஒரு ஆள் வேலை பார்க்கும் கடைக்கும் அது பொருந்தும். மாநில மனித உரிமைத் துறையில் புகார் கொடுக்க மூன்று வருடம் அவகாசம், வக்கீல் கட்டாயமில்லை. சரி, முதல் வேலையாக முதலாளி அனுப்பிய குறுஞ்செய்திகளைப் படம்பிடித்து வைக்கச் சொல்லுங்கள்.