14 வயதுப் பெண்ணுக்கு ஒரு பக்கக் கன்னத்தில் சுரீரென்று வலி. பல்லில் கோளாறு இல்லையாம். நரம்பு வலியாக இருக்குமா?

இருக்கலாம். ஒரு தடவை வந்தால் வலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். முகத்தின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுபோகும் ட்ரைஜெமினல் நரம்பில் வரும் வலி, ஷாக் அடித்த மாதிரி ஒரு பக்கம் மட்டும் வெட்டும். சில விநாடியில் போய்விடும், மிஞ்சிப்போனால் 2 நிமிடம். பல் துலக்கினால், மென்றால், சில சமயம் ஃபேன் காற்று பட்டாலே கிளம்பும். ஒரு பக்கப் பல்லை மட்டும் துலக்காமல் விடுகிறாளா, முகம் துடைக்கும்போது ஒரு கன்னத்தைத் தொடாமல் தாண்டுகிறாளா என்று பாருங்கள். கேட்டால் சொல்லத் தெரியாத பிள்ளையிடம்கூட இது தெரிந்துவிடும். வலி வரும்போது செல்போனில் வீடியோ எடுத்து வைத்தால் டாக்டருக்குப் பாதி வேலை குறையும்.

மணிக்கணக்கில் வலித்து, குமட்டலும் இருந்து, வெளிச்சம் பிடிக்காமல் போனால் அது மைக்ரேனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை கண்ணைச் சுற்றி வலித்து, அதே பக்கக் கண் சிவந்து நீர் வடிந்தால் கிளஸ்டர் தலைவலியா என்று பார்க்க வேண்டும். பிடரியில் தொடங்கி உச்சிக்குப் பாய்ந்தால், பிடரியை அழுத்தும்போது துள்ளினால், பின்தலையில் ஓடும் ஆக்ஸிபிடல் நரம்பின் வலியாக இருக்கலாம்.

ட்ரைஜெமினல் வலி இந்த வயதில் அபூர்வம். அதனால்தான் எம்ஆர்ஐ எடுக்காமல் விடக்கூடாது. ரத்தக்குழாய் நரம்பை அழுத்தலாம். கட்டியோ, மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைச் சிதைக்கும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோயோ பின்னால் இருக்கலாம். வழக்கமான மூளை ஸ்கேனில் இந்த நரம்பு சரியாகத் தெரியாமல் போவதுண்டு. இந்த நரம்பைக் குறிப்பிட்டு மெல்லிய படலங்களாக எடுக்கும்படி சீட்டில் எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள்.

பாராசிட்டமால் வேலை செய்யத் தொடங்குமுன் வலியே முடிந்துவிடும், அதனால் அதை அள்ளிக் கொடுத்துப் பயனில்லை. பொதுவாக முதலில் தருவது வலிப்பு நோய்க்கும் தரப்படும் கார்பமசெபின் மருந்து. உடல் எடையைப் பார்த்துக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். ஆசிய வம்சாவளியினருக்கு ஆரம்பிக்கும் முன்பே ஹெச்எல்ஏ-பி 1502 மரபணுப் பரிசோதனை செய்வது நல்லது. அந்த மரபணு இருந்தால் தோல் உரியும் அளவுக்கு ஆபத்தான ஒவ்வாமை வரலாம். தோலில் தடிப்பு, வாயில் புண், காய்ச்சல் வந்தால் மறு டோஸ் கொடுக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள். ரத்த அணுக்கள், சோடியம், கல்லீரல் மூன்றையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். முதல் வாரங்களில் தூக்கமும் தள்ளாட்டமும் இருக்கும், பள்ளியில் சொல்லி வையுங்கள்.

முகத்தில் மரத்துப்போதல், இரட்டைப் பார்வை, ஒரு காது மந்தம், நடையில் தடுமாற்றம், காலையில் வாந்தி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். எக்ஸ்ரேயில் சுத்தமாக இருக்கும் பல்லைப் பிடுங்கச் சொன்னால், நரம்பியல் டாக்டர் பார்க்கும்வரை சம்மதிக்காதீர்கள்.