புகையாத நெருப்பு

அன்புள்ள ஐயா,

என் மகள் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். மாதிரித் தேர்வில் ஒரு கேள்வி: ‘புகை இருந்தால் நெருப்பு இருக்கும். இங்கே புகை இல்லை. எனவே நெருப்பும் இல்லை.’ இந்த முடிவு சரி என்று போட்டிருந்தாள். தவறு என்கிறது விடைக்குறிப்பு. எனக்கும் சரியாகத்தான் படுகிறது. விளக்குவீர்களா?

வி.

அன்புள்ள வி.,

விடைக்குறிப்பு சொல்வதே சரி. தெருமுனையில் துணி தேய்ப்பவர் பெட்டியைத் திறக்கும்போது எட்டிப் பாருங்கள். கரி செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருக்கும், கிட்டே கை வைக்க முடியாது. புகை துளிகூட இருக்காது. கேள்வியில் உள்ள விதி, புகை இருக்கும் இடத்தைப் பற்றி மட்டும் பேசுகிறது. புகை இல்லாத இடத்தைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. நெருப்பு இல்லையென்றால் புகையும் இல்லை என்று சொல்லியிருந்தால் சரி. நெருப்பில்லாமல் புகையாது என்று நாம் சொல்வதும் அதைத்தான்.

நியாயம் என்ற பழைய இந்தியத் தத்துவ மரபின் தர்க்க நூல்களில் இது பழைய உதாரணம். மலைமேல் புகை கண்டால் நெருப்பு உண்டு எனலாம். நெருப்பைக் கண்டு புகை உண்டு எனக் கூடாது. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டைச் சாட்சிக்கு வைப்பார்கள். நெருப்போடு ஈர விறகு சேர்ந்தால்தான் புகை என்று காரணமும் சொல்வார்கள். அந்த ஈர விறகு எனக்கு மிகவும் பிடித்த இடம்.

‘சேர்ந்தால்தான்’ என்பதில் வரும் அந்த ‘தான்’ தேர்வில் நிறையப் பேரைக் கவிழ்க்கும். ‘ஹால் டிக்கெட் இருந்தால் உள்ளே விடுவார்கள்’ என்றால் அது ஒன்றே போதும். ‘இருந்தால்தான் விடுவார்கள்’ என்றால் அது இல்லாமல் முடியாது, அவ்வளவுதான். கையில் வைத்துக்கொண்டு கதவு மூடியபின் வந்தால் வெளியேதான் நிற்க வேண்டும். உள்ளே உட்கார்ந்திருப்பவளிடம் ஹால் டிக்கெட் இருந்தது என்று மட்டும் அடித்துச் சொல்லலாம். பேச்சில் இந்த இரண்டையும் கலந்துதான் புழங்குகிறோம், அதனால் மகளைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

1966-இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் நான்கு அட்டைகளை வைத்து ஒரு சோதனையை எழுதினார். ஒரு பக்கம் ஆங்கில எழுத்து, மறுபக்கம் எண். மேலே தெரிபவை ஈ (E), கே (K), 4, 7. ‘ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண்’ என்பது விதி. அது மெய்யா என்று பார்க்க எவற்றைத் திருப்ப வேண்டும்? நன்கு படித்தவர்களிலும் பெரும்பாலோர் 4-ஐத் திருப்பினார்கள், அல்லது ஈயோடு நின்றார்கள். 4-இன் பின்னால் கே இருந்தாலும் விதிக்கு ஒன்றும் ஆகாது. 7-இன் பின்னால் ஈ இருந்தால் விதி உடைந்துவிடும். ஆகவே ஈ, 7.

விடையைச் சொல்லாமல், நான்கு துண்டுக் காகிதங்களில் எழுதி இன்று ராத்திரி மகள் முன்னால் வைத்துப் பாருங்கள். அவள் எதைத் திருப்பினாள் என்று எனக்கும் எழுதுங்கள்.