வாய் திறவாமல் நின்று செபித்தாலும் குற்றமா?

கேள்வி: ஐயா, நான் மட்டக்களப்பு நகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. என் மகள் இங்கிலாந்தில் வேலை விசாவில் தாதியாகப் பணிபுரிகிறாள். தவக்காலச் சனிக்கிழமைகளில் அங்குள்ள செபக்குழுவுடன் சேர்ந்து, கருக்கலைப்புச் சிகிச்சை நிலையம் ஒன்றுக்கு எதிரேயுள்ள நடைபாதையில் கையில் செபமாலையுடன் பேசாமல் நின்றிருக்கிறாள். சென்ற வாரம் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் வந்து, இது தடைசெய்யப்பட்ட வலயம் என்று கூறிப் பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டாராம். செபிப்பது குற்றமா? அவளுடைய விசா பாதிக்கப்படுமா? அவள் அனுப்பிய படங்களைப் பார்த்த எங்கள் குழுவினரும் இங்கே ஒரு தனியார் வைத்தியசாலையில் கருக்கலைப்பு நடப்பதாக எழுந்த பேச்சை நம்பி, அதன் வாசலில் மெழுகுவர்த்தி ஏந்தி நிற்கத் தீர்மானித்து, பொலிஸுக்குக் கொடுக்கும் கடிதத்தில் ஏற்பாட்டாளராக என்னைக் கையொப்பமிடக் கேட்கிறார்கள். இடலாமா?

பதில்: அம்மா, கையொப்பத்துக்குத்தான் அவசரம் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்: இப்போதுள்ள வடிவில் அந்தக் கடிதத்தில் கையொப்பமிட வேண்டாம். காரணத்தைப் பின்னர் விளக்குகிறேன்.

மகளின் விடயத்துக்கு வருவோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1967 ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் விதிக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு அந்தச் சிகிச்சை சட்டபூர்வமானது. அதற்கென இயங்கும் நிலையங்களைச் சுற்றியும், அவற்றின் நுழைவழிகளைச் சுற்றியும் 150 மீற்றர் தூரத்தைப் பாதுகாப்பு வலயமாக 2023 ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டத்தின் 9 ஆம் பிரிவு ஆக்கியது. அப்பிரிவு 2024 ஒக்டோபர் 31 முதல் நடைமுறையில் உள்ளது. அந்த வலயத்தினுள் ஒருவர் இந்தச் சேவையைப் பெறுவது, வழங்குவது அல்லது அதற்கு உதவுவது குறித்த இன்னொருவரின் தீர்மானத்தில் செல்வாக்குச் செலுத்துவதும், வழியை மறிப்பதும், துன்புறுத்தலோ அச்சமோ மனவேதனையோ விளைவிப்பதும் குற்றமாகும். தண்டனை சிறையன்று, தண்டப்பணம். ஆனால் அதற்கு உச்ச வரம்பு இல்லை. ஸ்கொட்லாந்தில் இதே தூரம் 200 மீற்றர் என்பதை, கிளாஸ்கோவில் உறவினர் உள்ளவர்களுக்காகச் சேர்த்துச் சொல்கிறேன்.

செபம் என்ற சொல்லே அந்தப் பிரிவில் இல்லை. மௌன செபத்துக்கு விலக்களிக்க வேண்டும் என்று கொண்டுவரப்பட்ட திருத்தம் 2023 மார்ச்சில் அந்நாட்டுப் பொதுமக்கள் சபையில் தோல்வியடைந்தது. அதற்காக மனத்துக்குள் செபிப்பவர் எல்லோரும் குற்றவாளிகள் என்று ஆகிவிடவும் இல்லை. எங்கே நின்றார், எவ்வளவு நேரம் நின்றார், யாரைப் பார்த்து நின்றார், கையில் என்ன இருந்தது, விலகச் சொன்னபோது என்ன செய்தார் என்ற சூழ்நிலை முழுவதையும் வைத்தே வழக்குத் தொடுநர் தீர்மானிக்கிறார். இந்தச் சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, போர்ன்மத் நகரில் உள்ளூராட்சி மன்றம் பிறப்பித்திருந்த ஒரு கட்டளையின் கீழ், நிலையமொன்றின் அருகே தலை குனிந்து சில நிமிடங்கள் பேசாமல் நின்று, விலகக் கேட்டும் விலகாத முன்னாள் இராணுவ வீரர் ஒருவரை 2024 ஒக்டோபரில் நீதவான் நீதிமன்றம் குற்றவாளியாகக் கண்டது. அவருக்கு இரண்டு ஆண்டு நிபந்தனையுடனான விடுவிப்பும் (அக்காலத்தில் மீண்டும் குற்றம் செய்யாவிட்டால் வேறு தண்டனை இல்லை) 9,000 பவுண் வழக்குச் செலவும் விதிக்கப்பட்டன. அதற்கும் முன்னர், வட அயர்லாந்தின் இதையொத்த சட்டமூலம் பற்றி 2022 டிசம்பர் 7 அன்று தீர்ப்பளித்த ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றம், வேறு எங்கும் நின்று கருத்துச் சொல்ல இடமிருக்கையில் சிகிச்சைக்கு வருபவரின் வாசலில் மட்டும் அதைத் தடுப்பது அளவுக்கு மீறிய கட்டுப்பாடு ஆகாது என்று கூறிவிட்டது. ஆகவே "மத சுதந்திரம்" என்ற ஒரே வாதத்தை நம்பி மகள் அடுத்த சனிக்கிழமையும் அங்கே போவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறோர் இடத்தில். அந்தப் பிரிவின் கீழ் நோக்கத்துடன் செய்வது மாத்திரமன்றி, விளைவைப் பொருட்படுத்தாமல் செய்வதும் போதுமானது. உத்தியோகத்தர் நேரில் சொல்லிப் பெயரையும் எழுதிக்கொண்ட பின்னர், "வலயம் இருந்தது தெரியாது" என்று சொல்லும் வழி அடைபட்டுவிட்டது. உத்தியோகத்தர் வாய்மொழியாகச் சொன்ன எச்சரிக்கை குற்றத்தீர்ப்பு ஆகாது. ஆனால் குற்றத்தீர்ப்பு ஒன்று வந்தால், தண்டப்பணம் மட்டுமே என்றாலும், விசாவைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்தில் அதை மறைக்காமல் குறிப்பிட வேண்டும். மறுப்பதா இல்லையா என்பது அதிகாரிகளின் தற்றுணிபில் இருக்கும், மறைத்தால் அந்த மறைப்பே பெரிய குற்றச்சாட்டாகிவிடும். அவள் தாதி என்பதால் இன்னொன்றும் உண்டு: குற்றஞ்சாட்டப்பட்டாலே அதைத் தொழில் வழங்குநருக்கும், தாதியர் மற்றும் மருத்துவிச்சியரைப் பதிவுசெய்யும் சபைக்கும் அறிவிக்கும்படி அச்சபையின் நடத்தைக்கோவை கேட்கிறது. விசாரணைக்கு அழைத்தால், சொலிசிட்டர் (அந்நாட்டுச் சட்டத்தரணி) ஒருவர் அருகில் இல்லாமல் எதுவும் சொல்லக்கூடாது. அந்நாட்டுப் பொலிஸ் நிலையத்தில் அந்த உதவி இலவசம். படங்களை அனுப்புவதையும் அவள் நிறுத்தட்டும்.

இனி நம்மூர். இங்கே 150 மீற்றர் சட்டம் எதுவும் இல்லை. "அப்படியானால் நிற்கலாமே" என்று உங்கள் குழுவினர் கேட்பார்கள். இங்கிலாந்தில் அந்தக் குழு நிற்பது, சட்டம் அனுமதித்த சேவையை வெளிப்படையாக வழங்கும் நிலையத்தின் முன்னால். நம் நாட்டில் 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 303 ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காக நல்லெண்ணத்துடன் செய்யப்பட்டாலன்றிக் கருக்கலைப்புக் குற்றம். தண்டனை மூன்று ஆண்டு வரையும், கருவின் அசைவை உணரும் நிலைக்குப் பின்னரெனில் ஏழு ஆண்டு வரையும் நீளும். தனக்குத் தானே செய்துகொள்ளும் பெண்ணும் அதற்குள் அடங்குவார். வன்புணர்வு, உயிர்வாழ முடியாத குறைபாடுள்ள கரு ஆகியவற்றுக்காகச் சட்டத்தைத் தளர்த்த 2017 இல் எழுந்த முன்மொழிவும் சட்டமாகவில்லை. ஆகவே இங்கே ஒரு வைத்தியசாலை வாசலில் மெழுகுவர்த்தியுடன் நிற்கும்போது உங்கள் எதிரே முச்சக்கரவண்டியில் வந்திறங்குபவர் யார்? அநேகமாக, ஆசையாகக் காத்திருந்த பிள்ளை கருவிலேயே கலைந்து இரத்தப்போக்குடன் வருபவர். அல்லது உயிருக்கு ஆபத்தென்று வைத்தியர் அனுப்பியவர். களுவாஞ்சிகுடியிலிருந்தோ வாகரையிலிருந்தோ வரும் அந்தப் பெண்ணின் மாமியார் அந்தக் கூட்டத்தைக் கண்டால் என்ன நினைப்பார் என்பதை, நம்மூரில் வளர்ந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சட்டப்படி உங்கள் உரிமை சிறியதல்ல. அரசியலமைப்பின் 10 ஆவது உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மத சுதந்திரத்தை வரையறையின்றித் தருகிறது. ஆனால் அந்த மதத்தை வெளியே வந்து வெளிப்படுத்துவதும், ஒன்றுகூடுவதும் 14 ஆவது உறுப்புரைக்குள் வருபவை, அவற்றைப் பொதுச் சுகாதாரத்துக்காகவும் பிறரின் உரிமைகளுக்காகவும் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம் என்று 15(7) கூறுகிறது. தேவாலயத்திலிருந்து மெழுகுவர்த்தியுடன் நடந்து போனால் அது ஊர்வலம். பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77 ஆம் பிரிவின்படி குறைந்தது ஆறு மணித்தியாலத்துக்கு முன்னர் பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி. வாசலை மறித்தால் முறையற்ற தடுத்தல். சமாதானக் குலைவோ இடையூறோ ஏற்படுமென்று பொலிஸார் காட்டினால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 106 ஆம் பிரிவின் கீழ் பதினான்கு நாள் வரை தடையுத்தரவு விதிக்க நீதவானால் முடியும். அந்த உத்தரவு யாருடைய பெயருக்கு வரும் என்று நினைக்கிறீர்கள்? கடிதத்தில் கையொப்பமிட்டவர் பெயருக்குத்தான்.

ஆபத்து அதிகம் உள்ளது கைத்தொலைபேசியில். உள்ளே செல்பவரையோ வைத்தியரையோ படமெடுத்து, "இவர் இதைச் செய்கிறார்" என்று முகநூலில் ஒருவர் போட்டுவிட்டால், நட்டஈடு கோரும் மானநட்ட வழக்கும், 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் கீழ் தனிப்பட்ட தகவலை வெளியிட்டுத் தொந்தரவு செய்ததான குற்றச்சாட்டும் வரலாம். வதந்தி என்பது சான்று அல்ல. உண்மையிலேயே நேரில் அறிந்த குற்றம் இருந்தால் பொலிஸில் எழுத்து மூலம் முறைப்பாடு செய்யுங்கள். வாசலில் நிற்பது முறைப்பாடு ஆகாது.

குழுவினர் கேட்டால், இடத்தை மாற்றினால் கையொப்பமிடுகிறேன் என்று சொல்லுங்கள். தேவாலய வளவிலோ, நகரில் பலரும் கூடி நிற்கும் காந்தி பூங்காவிலோ, வைத்தியசாலையின் பெயர் எதுவும் இல்லாத பதாகையுடன் நின்றால், கடிதத்தின் வரைவை அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன். மகளிடம் உத்தியோகத்தர் ஏதாவது காகிதம் கொடுத்திருந்தால் அதன் படத்தை மட்டும் உடனே அனுப்பச் சொல்லுங்கள். அதில் எழுதியிருக்கும் பிரிவைப் பார்த்துத்தான் சொலிசிட்டரிடம் என்ன கேட்பது என்று சொல்ல முடியும்.